எபிசோடு 41: பெயரில்லாத தமனி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் எடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடில் ரத்தம் கொஞ்சம் அதிகம். சாப்பிட்டுக்கிட்டே கேட்குறவங்க முடிச்சுட்டு வாங்க, எபிசோடு எங்கேயும் ஓடிடாது.

ஒரு நேயர் எழுதியிருந்தார். அவரோட அப்பா பல நாள் வென்டிலேட்டரில் இருந்தார். அப்புறம் கழுத்தில் ஓட்டை போட்டு ட்யூப் வைத்தார்கள். பத்து நாள் கழித்து அந்த ட்யூப் வழியாக ஒரு ஸ்பூன் அளவு ரத்தம் வந்திருக்கிறது. தானாகவே நின்றும் விட்டது. ஆனால் அதைப் பார்த்த பத்தே நிமிடத்தில் மூன்று டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்களாம். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்களாம். கடைசியில் சளி உறிஞ்சும்போது பட்ட சின்னக் கீறல்தான் என்று தெரிந்தது. அப்பா இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். "ஒரு ஸ்பூன் ரத்தத்துக்கு ஏன் சார் அவ்ளோ பதறினாங்க?" என்பதுதான் அவர் கேள்வி.

அந்தப் பதற்றத்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட 150 வருஷ வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். வழக்கமாகச் சொல்வதையும் சொல்லிடறேன்: நான் டாக்டர் கிடையாது. எஞ்சினியரிங் படிச்சுட்டு பகல்ல கோடு எழுதுறவன், ராத்திரியில பழைய மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கிறவன். உங்க வீட்டில் நோயாளி இருந்தா, கேட்க வேண்டியது அவங்க டாக்டரை, என்னை இல்லை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கழுத்துக்கு அடியில், இரண்டு காலர் எலும்புகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அங்கே விரலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு நேர் பின்னால் மூச்சுக்குழாய். அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் நெஞ்செலும்பு தொடங்குகிறது. அந்த எலும்புக்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையிலுள்ள குறுகலான சந்தில், குறுக்கே ஒரு தமனி போகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வில் மாதிரி வளைகிற இடத்தில் பிரியும் முதல் கிளை அது. அஞ்சு சென்டிமீட்டர் கூட இருக்காது. மூச்சுக்குழாயைச் சாய்வாகக் கடந்து வலப்பக்கம் ஏறி இரண்டாகப் பிரியும். ஒன்று வலது கைக்கு, இன்னொன்று வலப்பக்கத் தலைக்கு.

பழைய உடற்கூறு நூல்கள் இதை லத்தீனில் இன்னாமினாட்டா என்கின்றன. பெயரில்லாதது என்று அர்த்தம். உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாய்களில் ஒன்றுக்குப் பெயர் "பெயரில்லாதது". எங்க ஆபீஸில் யாரோ ஒருத்தர் அவசரத்துக்கு "டெம்ப்" என்று பெயர் வைத்த வேரியபிள் அஞ்சு வருஷமா ப்ரொடக்ஷனில் ஓடுற மாதிரி. இப்போது பிராக்கியோசெஃபாலிக், அதாவது கைக்கும் தலைக்குமானது என்று முறையான பெயர் உண்டு. ஆனால் அறுவை மருத்துவர்கள் பலர் இன்னும் இன்னாமினேட் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மூச்சுக்குழாய் முழுக்க வளையம் வளையமாகக் குருத்தெலும்பு இருக்கும். கழுத்தில் ஓட்டை போடுவது பொதுவாக இரண்டாவது, மூன்றாவது வளையங்களுக்கிடையே. இன்னாமினேட் குறுக்கே போவது பெரும்பாலும் ஒன்பதாவது வளையத்துக்கு அருகில். இது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஆறாவது வளையம் வரை மேலே ஏறியிருக்கும். அதாவது ஓட்டைக்கும் தமனிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு சில சென்டிமீட்டர்தான். உள்ளே வைக்கிற ட்யூப் அந்த இடைவெளியைத் தாண்டிக் கீழே போகிறது. ட்யூப்பின் ஏதோ ஒரு பகுதி மூச்சுக்குழாயின் முன்சுவரை நாள்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தால் சுவர் அரிக்கும். அரித்துக்கொண்டே போனால் அடுத்து இருப்பது தமனியின் சுவர். அதுவும் அரிந்துவிட்டால் இதயத்திலிருந்து நேராக வரும் ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் பாயும். இங்கே ஆபத்து இரட்டிப்பு. ரத்தம் வெளியேறுவது ஒன்று. அந்த ரத்தமே நுரையீரலை நிரப்பி மூச்சை அடைப்பது இன்னொன்று. நிறுத்தாவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை.

இது அபூர்வம். கழுத்தில் ட்யூப் வைத்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் நூற்றுக்கு ஒருவர் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கேட்டுட்டு யாரும் பயந்துடாதீங்க. அந்த ட்யூப் இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடியவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம், அது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, வரலாறு. கழுத்தைத் திறந்து மூச்சு விட வைக்கும் வேலை ரொம்பப் பழசு. 1546இல் இத்தாலியின் ஃபெராராவில் பிரஸ்ஸாவோலா என்ற மருத்துவர் தொண்டையில் சீழ்க்கட்டி வந்து மூச்சு முட்டிய ஒருவருக்குச் செய்து, அவர் பிழைத்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் மருத்துவர்கள் இதைத் தொடவே பயந்தார்கள். 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சுத் திணறிக் கிடந்தபோது சுற்றி மூன்று டாக்டர்கள். அவர்களில் இளையவரான எலிஷா டிக் கழுத்தைத் திறக்கலாம் என்றார். மூத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாறாக, அந்தக் கால வழக்கப்படி கையைக் கீறி இரண்டு லிட்டருக்கும் மேலே ரத்தத்தை வடித்தார்கள். அன்றிரவே அவர் இறந்தார். டிக் சொன்னதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேற விவாதம், அதுக்குத் தனி எபிசோடே வேணும்.

நிலைமையை மாற்றியது டிப்தீரியா. தொண்டை அடைப்பான் என்று நம்ம ஊரில் சொல்லும் நோய். தொண்டைக்குள் தோல் மாதிரி ஒரு படலம் வளர்ந்து குழந்தைகளின் மூச்சை அடைக்கும். பிரான்ஸில் ப்ரெத்தோனோ என்ற மருத்துவர், முந்தைய முயற்சிகள் தோற்றபிறகு, 1825இல் ஒரு சிறுமியின் கழுத்தைத் திறந்து காப்பாற்றினார். அவருடைய மாணவர் த்ரூஸ்ஸோ இதையே ஒரு முறையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். 200க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்தேன், கால்வாசிப் பேர் பிழைத்தார்கள் என்று அவர் கணக்குச் சொன்னார். நாலில் மூணு பேர் போயிட்டாங்களேன்னு தோணும். ஆனால் கழுத்தைத் திறக்கும் அளவுக்கு மூச்சு அடைத்த குழந்தைகளை அப்படியே விட்டால் அந்தக் கால்வாசியும் கிடைக்காது.

ஐரோப்பா முழுக்க மருத்துவமனைகள் இதைச் செய்யத் தொடங்கின. ஒரு சிகிச்சையை எண்ணிக்கையில் நிறையச் செய்யும்போதுதான் அதன் அபூர்வமான கோளாறுகள் வெளியே வரும். நூறு பேர் பயன்படுத்தும்போது தெரியாத பக் ஒரு லட்சம் பேர் பயன்படுத்தும்போது தெரியுமே, அப்படி.

1879இல் ஜெர்மனியின் வெர்னர் கோர்ட்டே ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் பெர்லினில் பெரிய பெயர் எடுத்த அறுவை மருத்துவர். கட்டுரையின் பொருள், டிப்தீரியாவுக்காகக் கழுத்தைத் திறந்த பிறகு வரும் சில அபூர்வ நோய்கள். அதில் டிப்தீரியா வந்த அஞ்சு வயசுக் குழந்தை ஒன்று வருகிறது. கழுத்தைத் திறந்து ட்யூப் வைத்த பிறகு, இன்னாமினேட் தமனி மூச்சுக்குழாய்க்குள் உடைந்து இறந்த குழந்தை. இந்தக் கோளாறைப் பற்றிய முதல் பதிவாக இன்றைய கட்டுரைகள் காட்டுவது இதைத்தான். அந்தக் குழந்தையின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் காலத்து ட்யூப் உலோகக் குழாய். வளைந்த, கடினமான வெள்ளிக் குழாய். குழந்தையின் கழுத்தோ சின்னது, தமனியோ ரொம்பப் பக்கத்தில். ஓட்டை கொஞ்சம் கீழே போனாலோ குழாயின் நுனி கொஞ்சம் முன்னே சாய்ந்தாலோ போதும்.

அதற்குப் பிறகு இந்த ரத்தப்போக்கு பற்றிப் பெரிய பேச்சே எழவில்லை. நோயாளிகளே குறையத் தொடங்கினார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1885 வாக்கில் நியூயார்க்கில் ஓ'ட்வையர் கழுத்தைத் திறக்காமலேயே வாய் வழியாகக் குழந்தைகளுக்குக் குழாய் செருகும் முறையைக் கொண்டுவந்தார். 1890களில் டிப்தீரியாவுக்கு எதிர்நஞ்சு மருந்து வந்தது. தடுப்பூசி பின்னால் வந்தது. 1924இல்கூட அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஷ்லேப்ஃபர் என்பவர் டிப்தீரியாவுக்குக் கழுத்தைத் திறந்தபின் உயிர் குடிக்கும் ரத்தப்போக்கைப் பற்றி எழுதினார். ஆனால் அது முடிந்துகொண்டிருந்த ஒரு காலத்தின் கட்டுரை.

இதற்கு நடுவில் ஃபிலடெல்ஃபியாவின் செவாலியர் ஜாக்சன் வருகிறார். 1909இல் இந்த அறுவை சிகிச்சையை நிதானமாக, படிப்படியாக எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதினார். இன்றைய முறையின் அடித்தளம் அது. அவருக்கு ஒரு பெரிய கோபம் இருந்தது. அவசரத்தில் பலர் ஓட்டையை ரொம்ப மேலே, குரல்வளைக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் குரல்வளை சுருங்கி, நோயாளி ஆயுள் முழுக்க ட்யூப்போடு வாழ வேண்டியதாகிவிடும். 1921இல் அதை வெளிப்படையாகத் திட்டியே ஒரு கட்டுரை எழுதினார். கேட்டவர்கள் ஓட்டையைக் கீழே இறக்கினார்கள். நியாயமான திருத்தம். ஆனால் ரொம்பக் கீழே போனால் அங்கே யார் இருக்கிறார்? நம்ம பெயரில்லாத தமனி. இரண்டு-மூன்றாவது வளையம் என்று இன்று சொல்லும் இடம் இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம். மேலே போனால் குரல் போகும், கீழே போனால் ஆளே போயிடுவார்.

இப்போது 1952க்கு வருவோம். கோபன்ஹேகன். போலியோ.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். ப்ளெக்டாம் மருத்துவமனைக்கு அந்தக் கோடையில் போலியோ நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு அன்று இருந்தது இரும்பு நுரையீரல் மாதிரியான சில இயந்திரங்கள் மட்டும். இயந்திரத்தில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். தலைமை மருத்துவர் லாஸென் வேறு வழியில்லாமல் பியோர்ன் இப்ஸென் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார். ஆகஸ்ட் 27 அன்று, செத்துக்கொண்டிருந்த 12 வயசுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தைத் திறந்து, ரப்பர் ட்யூப் வைத்து, ஒரு பையை அமுக்கி அமுக்கி இப்ஸென் அவளுக்குக் காற்று கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதற்குப் பிறகு அந்த ஊர் மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைவைத்து உட்கார்ந்து, மாதக்கணக்கில் கையால் பையை அமுக்கினார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று உலகத்தில் பிறந்தது அங்கேதான் என்பார்கள்.

அந்த ட்யூப்பில் ஒரு முக்கியமான பாகம் இருந்தது. கஃப். ட்யூப்பைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கும் சின்ன பலூன். ஊதினால் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் பையை அமுக்கும்போது காற்று வாய் வழியாகத் தப்பிக்காமல் நுரையீரலுக்குப் போகும், எச்சிலும் உள்ளே இறங்காது. ஜெர்மனியில் ட்ரென்டெலென்பர்க் 1871லேயே இப்படி ஒரு பலூன் வைத்த ட்யூப்பை வெளியிட்டிருந்தார். ஆனால் அது அறுவை சிகிச்சை நடக்கும் கொஞ்ச நேரத்துக்கானது. 1952க்குப் பிறகு அதே பலூன் வாரக்கணக்கில் உள்ளேயே இருந்தது.

இந்த எபிசோடில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். டிப்தீரியா குழந்தைக்கு ட்யூப் சில நாள் இருக்கும். ஒன்று குழந்தை தேறிவிடும், ட்யூப்பை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் நோயே குழந்தையைக் கொண்டுபோய்விடும். தமனி அரிபடுவதற்குள் கதை முடிந்துவிடும். வென்டிலேட்டர் வந்தபிறகு நோயாளிகள் பிழைத்தார்கள், அதனால் ட்யூப்போடு நீண்ட நாள் இருந்தார்கள், அதனால் அரிப்பு ஏற்பட நேரம் கிடைத்தது. தமனி உடைவதில் ஏறக்குறைய முக்கால்வாசி முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள்தான் நடக்கிறது. அதிலும் ஒன்று, இரண்டாவது வாரங்களில் அதிகம். அத்தனை நாள் உயிரோடு இருந்தால்தானே அந்த ஆபத்தே வரும்! சிகிச்சை வெற்றி பெற்றதால் வந்த மரணங்கள் இவை.

1965இல் அமெரிக்காவில் ஸைலென், ஸ்பீக்கர் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே, ட்ரக்கியோஸ்டமிக்குப் பின் இன்னாமினேட் தமனியிலிருந்து உயிர் குடிக்கும் ரத்தப்போக்கு என்பதுதான். கோர்ட்டே எழுதியபோது அபூர்வங்களின் பட்டியலில் ஒன்றாக இருந்தது, இப்போது தனித் தலைப்பாகிவிட்டது.

ஏன் அரிக்கிறது என்பதற்குப் பதில் பாஸ்டனில் கிடைத்தது. மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ஹெர்மீஸ் க்ரில்லோ என்பவர் மூச்சுக்குழாய் அறுவையில் பெரிய ஆள். அவரோடு ஜோயல் கூப்பர் என்ற இளம் மருத்துவர் சேர்ந்தார். கஃப் வைத்த ட்யூப்போடு இறந்தவர்களின் மூச்சுக்குழாய்களை எடுத்து இருவரும் ஆராய்ந்தார்கள். 1969இல் வெளியிட்டார்கள். பலூன் இருந்த இடத்தில் முதலில் உள்தோல் புண்ணாகிறது, பிறகு குருத்தெலும்பு வெளியே தெரிகிறது, பிறகு வளையமே கரைந்து போகிறது. எத்தனை நாள் பலூன் இருந்ததோ அத்தனை ஆழம்.

காரணம் அழுத்தம். மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் கொடுப்பவை மயிரிழை ரத்தக் குழாய்கள். அவற்றுக்குள் இருக்கும் அழுத்தம் ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாண்டி அமுக்கினால் அவற்றில் ரத்த ஓட்டம் நிற்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்துச் சிவப்பு ரப்பர் பலூன் சின்னது, விறைப்பானது. அது விரிந்து மூச்சுக்குழாயை அடைக்க வேண்டும் என்றால் அதைப்போலப் பல மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. ரத்தம் போகாத தோல் சாகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதுகில் புண் வருகிறதே, அதே விஷயம்தான், மூச்சுக்குழாய்க்குள் நடக்கிறது. கூப்பரும் க்ரில்லோவும் சொன்ன தீர்வு எளிமையானது. பலூனைப் பெரிதாகவும் மெலிதாகவும் தளர்வாகவும் செய்யுங்கள். இழுபடாமலே மூச்சுக்குழாயை நிரப்பிக்கொள்ளும், குறைந்த அழுத்தமே போதும். இன்று உலகம் முழுக்க இருக்கும் ட்யூப்களில் அந்த வகைப் பலூன்தான்.

எங்க தாத்தா ஐ.சி.யு.வில் இருந்தபோது ஒரு நர்ஸ் அக்கா ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஒரு சின்ன மீட்டரை ட்யூப்பின் வாலில் மாட்டிப் பார்ப்பார். டயருக்குக் காத்து பார்க்கிற மாதிரி இருக்கேன்னு அப்போ நினைச்சேன். பார்த்தது 20க்கும் 30க்கும் நடுவில் நிற்கிறதா என்றுதான். பைக் டயரில் 30 பவுண்டு அழுத்தம் வைக்கிறோம் இல்லையா, இது அதில் எழுபதில் ஒரு பங்கு. அவ்ளோ மெல்லிய வித்தியாசத்தைத்தான் அவர் நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருந்தார். அதை யாரும் எனக்கு அப்போது சொல்லவில்லை. 1969ஆம் வருஷத்துக் கட்டுரையைப் படித்தபோதுதான் புரிந்தது.

தடுப்பது ஒரு பக்கம். உடைந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு இன்னொரு பழைய கதைக்குள் போக வேண்டும். இன்னாமினேட் தமனியைக் கட்டி அடைத்தால் மனுஷன் பிழைப்பானா? வலது கைக்கும் வலப்பக்க மூளைக்கும் ரத்தம் அதிலிருந்துதானே போகுது?

1818 மே மாதம் நியூயார்க்கில் வாலன்டைன் மாட் என்ற அறுவை மருத்துவர் இதை முயன்றார். ட்ரக்கியோஸ்டமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோயாளி ஒரு மாலுமி, காலர் எலும்புக்குக் கீழே ஓடும் தமனி வீங்கி உடையும் நிலை. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது, யோசித்துப் பாருங்கள். மாட் இன்னாமினேட்டைக் கண்டுபிடித்து நூலால் கட்டினார். மாலுமி 26 நாள் உயிரோடு இருந்தார். பிறகு புண் பழுத்து ரத்தம் கொட்டி இறந்தார். ஆனால் அந்த 26 நாளில் மூளையும் கையும் சாகவில்லை. மாட்டைப் பார்த்துப் பலர் முயன்றார்கள், எல்லோரும் தோற்றார்கள். 1864இல் நியூ ஆர்லியன்ஸில் ஸ்மித் என்பவர் கட்டிய நோயாளி மட்டும் தேறி, அதன்பின் சுமார் பத்து வருஷம் வாழ்ந்தார்.

எப்படி முடிந்தது? மூளையின் அடியில் தமனிகள் ஒரு வளையமாக ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கின்றன. 1664இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் வில்லிஸ் அதை விவரித்திருந்தார், இன்றும் அதற்கு அவர் பெயர்தான். ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் சுற்றி வந்து சேரும். எல்லோருக்கும் அந்த வளையம் முழுமையாக இருக்காது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது.

இதைத் தெரிந்துகொண்டு 1970களுக்கு வாருங்கள். 1972இல் அட்லியும் அவரோடு இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் ஒரு வழி இருக்கிறது. அதைப் படிச்சப்போ எனக்குக் கை நின்னு போச்சு. ரத்தம் பீறிடும்போது கழுத்திலுள்ள ஓட்டை வழியாக ஒரு விரலை உள்ளே விடுங்கள். மூச்சுக்குழாய்க்குள்ளே இல்லை, அதற்கு முன்னால். மூச்சுக்குழாயின் முன்சுவரை ஒட்டியே கீழே இறக்கி, நெஞ்செலும்புக்குப் பின்னால் கொண்டுபோய், தமனியை முன்பக்கமாக எலும்போடு சேர்த்து அழுத்துங்கள். அறுவை அறையில் நெஞ்சைத் திறக்கும் வரை விரலை எடுக்காதீர்கள். அவ்ளோதான். கருவி எதுவும் கிடையாது. நோயாளியின் ட்ராலியோடு ஒரு டாக்டர் விரலை எடுக்காமலே கூடப் போக வேண்டும். அட்லி மேனுவர் என்று இதற்கு இன்றும் பெயர்.

அதற்கு முந்தைய படி இன்னும் எளிமை. பலூனை வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊதுவது. அரித்த இடத்தை உள்ளிருந்தே பலூன் அடைத்துக்கொண்டால் ரத்தம் நிற்கும். பலருக்கு இது கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுக்கிறது. பாருங்க, சாதாரண நாளில் எந்த அழுத்தம் கூடவே கூடாது என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அளந்தார்களோ, இந்த நேரத்தில் அதே அழுத்தம்தான் உயிரைப் பிடித்து வைக்கிறது.

நெஞ்சைத் திறந்தபிறகு தமனியை என்ன செய்வது என்பதிலும் வலியோடுதான் பாடம் கற்றார்கள். ஆரம்பத்தில் சிலர் ஓட்டையைத் தைத்தார்கள், சிலர் செயற்கைக் குழாய் வைத்து ஒட்டினார்கள். ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் அந்த இடம் முழுக்கச் சளியும் கிருமியும். தைத்த இடம் மறுபடி உடைந்தது. 1970களின் நடுவில் வந்த கட்டுரைகள் தமனியைத் துண்டித்து இரண்டு முனையையும் கட்டிவிடுவதே மேல் என்ற பக்கம் சாய்ந்தன. மாட் நூலைக் கட்டி 150 வருஷம் கழித்து, அவர் காட்டிய விஷயம் வேறொரு நோய்க்கு உதவியது. 1977இல் அடுத்தடுத்து மூன்று நோயாளிகளைக் காப்பாற்றியதாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் யார் தெரியுமா? ஜோயல் கூப்பர். இறந்தவர்களின் மூச்சுக்குழாய்களை ஆராய்ந்த அதே ஆள். 1983இல் டொரன்டோவில் முதல் வெற்றிகரமான நுரையீரல் மாற்று அறுவை செய்ததற்காகத்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ 1969க்கும் 1977க்கும் நடுவில் இருக்கிற கூப்பரைத்தான் அதிகம் பிடிக்குது.

இப்போது நேயரின் ஸ்பூன் ரத்தம். தமனி பெரிதாக உடைவதற்கு முன், பாதி நோயாளிகளிடம் ஒரு சின்ன ரத்தப்போக்கு வந்து தானாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதை சென்டினல் ப்ளீட் என்கிறார்கள், காவல்காரன் முன்கூட்டியே கொடுக்கும் குரல் மாதிரி. சுவர் அரிந்து ஒரு சிறு துளை விழுந்து, ரத்தக்கட்டி அதை அடைத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கட்டி சில மணி நேரம் தாங்கும், சில நாள் தாங்கும், யாருக்கும் தெரியாது. கட்டி விலகியபிறகு இருப்பது நிமிடங்கள். ஆகவே மருத்துவர்களின் விதி இது: அறுவை முடிந்து மூன்று நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ட்யூப்பில் கணிசமாக ரத்தம் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது இன்னாமினேட் என்றே எடுத்துக்கொள். முதல் இரண்டு நாளில் வருவது பெரும்பாலும் அறுவைக் காயத்தின் ரத்தம். பிறகு வருவதிலும் பெரும்பாலானவை உங்க அப்பாவுக்கு வந்த மாதிரி உறிஞ்சு குழாய் பட்ட கீறல்தான். ஆனால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே ஒரு ஸ்பூன் ரத்தம். ட்யூப் நாடித் துடிப்போடு சேர்ந்து அசைந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை, தமனி ட்யூப்பை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

எங்க வேலையிலும் இப்படி உண்டு. ராத்திரி மூணு மணிக்கு ஒரே ஒரு எரர் வந்து தானா சரியாயிடும். காலையில் "தானா சரியாயிடுச்சே"ன்னு டிக்கெட்டை மூடிடுவாங்க. சர்வர் விழுந்தால் திரும்ப எழுப்பிக்கலாம், அதனால நாங்க தப்பிச்சுக்கிறோம். அந்த மூன்று டாக்டர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் ட்யூப்போடு ஆள் இருந்து ரத்தம் வந்தால், நின்றுவிட்டதே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க. இதை மட்டும் எபிசோடில் இருந்து எடுத்துக்கிட்டா போதும்.

1985க்குப் பிறகு, சியாக்லியா கொண்டுவந்த ஊசியும் விரிப்பானும் கொண்ட முறையால், கட்டில் பக்கத்திலேயே கழுத்தில் ட்யூப் வைக்க முடிகிறது. அறுவை அறை தேவையில்லை. ஆகவே ட்யூப்கள் அதிகமாயின. தளர்ந்த பலூன்கள் வந்ததால் பழைய மாதிரி சுவர் கரைவது குறைந்தது. ஆனால் ட்யூப்பின் நுனியும் முழங்கை மாதிரி வளைந்த பகுதியும் இன்னும் அழுத்தத்தான் செய்கின்றன. இந்த நூற்றாண்டில், தொடை வழியாகக் கம்பி செலுத்தி, தமனிக்குள்ளேயே துணி போர்த்திய ஸ்டென்ட்டை விரித்து ஓட்டையை அடைக்கிறார்கள். நெஞ்சைத் திறக்கத் தாங்காத நோயாளிகளுக்கு அது பெரிய வரம். சிக்கல் என்னவென்றால், கிருமி நிறைந்த இடத்தில் ஒரு அந்நியப் பொருள் உட்கார்ந்திருக்கிறது. 1970களில் செயற்கைக் குழாய் வைத்தவர்கள் பயந்த அதே பயம் திரும்ப வந்திருக்கிறது. அதனால் சில இடங்களில் ஸ்டென்ட்டை முதலில் வைத்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, நோயாளி தேறிய பிறகு நெஞ்சைத் திறந்து தமனியை நிரந்தரமாகக் கட்டுகிறார்கள். ஸ்டென்ட் வைக்கும் அறைக்குப் போய்ச் சேரும்வரை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், பலூனை ஊதுகிறார்கள், அது போதாவிட்டால் விரல்.

இன்னைக்கு இவ்ளோதான் மக்களே. நடுவில் ஓ'ட்வையர்னு ஒருத்தர் பேரு வந்துச்சே, கழுத்தைத் திறக்காமலே குழந்தைகளுக்குக் குழாய் செருகினவர். அடுத்த எபிசோடு அவரைப் பத்தி.